பிறைத்திட்டில் இரண்டாம் மாலை

மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரமாக இருக்கிற எங்கள் ஊருக்கு ஒரு குறை உண்டு. கடல் கிழக்கே கிடக்கிறது, பிறை மேற்கே வருகிறது. மேற்கே திரும்பினால் பனங்காடு, அதைத் தாண்டினால் ரோட்டுப் புழுதி. தலைப்பிறையோ நகக்கீறல் மாதிரி அடிவானத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிற சமாச்சாரம். அது பனை மட்டைக்குப் பின்னால் வந்துபோனால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

அதற்காகத்தான் பிறைத்திட்டு. நல்ல காற்றிருந்தால் பாய் விரித்து பிற்பகல் அஸர் தொழுகைக்கும் அந்தி மஃக்ரிபுக்கும் நடுவில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆள் குடியில்லாத மணல்திட்டு. குடிக்கத் தண்ணீர் கிடையாது, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ராவணன் மீசைப் புல்லும் நண்டு வளைகளும்தான் அங்கே இருப்பு. ஆனால் அதன் உருவத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இரண்டு முனையும் கூராகி, நடுவயிறு தடித்து, அச்சு அசலாகப் பிறையேதான். வாய் மேற்கே கரையைப் பார்த்துத் திறந்திருக்கும். வடக்கு முனையில் போய் நின்றால் மேற்கு வானம் தண்ணீருக்கு மேலே தடையில்லாமல் விரிந்து கிடக்கும். பிறை பார்ப்பதற்கு அல்லாஹ் எங்களுக்குப் பிறை வடிவிலேயே ஓர் இடம் கொடுத்திருக்கிறான் என்று நாங்கள் பீற்றிக்கொள்வோம். பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ரமலான் இருபத்தொன்பதாம் நோன்பன்று ஜமாஅத் சார்பில் இரண்டு பேர் வள்ளத்தில் திட்டுக்குப் போவது வழக்கம். பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பதால் இரண்டு பேர். பிறையைக் கண்டால் திரும்பி வரும்போது அரிக்கேன் விளக்கைக் கொளுத்திப் பாய்மரத்தின் உச்சிக்கு ஏற்றுவார்கள். காணாவிட்டால் இருட்டோடு இருட்டாக வருவார்கள். விளக்கைப் பார்த்ததும் பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கும், பிள்ளைகள் கடற்கரையில் தக்பீர் சொல்லிக்கொண்டு ஓடுவார்கள், பெண்கள் அம்மியடிக்குப் போவார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் ஷேக் பரீதுதான். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தோணி ஓட்டிய தண்டல். கரை கண்ணுக்கே படாத தூரத்தில் கரை தெரிகிறது என்பார், சொன்ன இடத்தில் கரை இருக்கும். "பரீது கண்ணு" என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. சந்தையில் மீன் கெட்டுவிட்டதா என்று பார்ப்பதற்குக்கூட அவரைக் கூப்பிட்ட காலம் இருந்தது. மனிதருக்கும் அதில் கொஞ்சம் மிதப்பு. அதைக் குறை சொல்லமாட்டேன், இருக்கத்தான் செய்யும்.

கொடுமை என்னவென்றால், ஐம்பத்தேழாம் வருஷத்துக் கோடையில் அந்தக் கண் போய்விட்டிருந்தது. முழுக்கப் போகவில்லை. புகை பிடித்த விளக்குக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி எல்லாம் மங்கியிருந்தது. பக்கத்தில் வந்தால் ஆள் தெரியும், தள்ளி நின்றால் வேட்டி தெரியும், அதற்கு மேல் போனால் வெளிச்சமும் நிழலும்தான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எதிரே வருகிறவரைக் குரலை வைத்துக் கண்டுபிடித்து, முதல் ஆளாக சலாம் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரம்லத் பீவிக்கு மட்டும் தெரியும். அவரும் வாய் திறக்கவில்லை.

அந்த வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பன்று மட்டும் அந்த அம்மாள் வாசல்வரை வந்து, இந்த வருஷம் நீங்க போக வேணாங்க, ஜமாஅத் தலைவர் அலாவுதீன் அண்ணனையே அனுப்பச் சொல்லுங்க என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். பரீதுக்கு முகம் சுண்டிவிட்டது. ஊரில் அப்புறம் ஏன் என்று கேட்பார்களே, நீ என்ன பதில் சொல்வாய் என்று எரிந்து விழுந்துவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

கூடப் போனவன் இப்ராஹிம், அவருடைய அக்காள் மகன். வழக்கமாகக் கூட வருகிற பெரியவர் மாசியில் மவுத்தாகிப் போனதால் அந்த இடத்துக்கு ஜமாஅத் இவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. அறந்தாங்கியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பரீதின் மகள் அஜீசாவை இவனுக்குத்தான் பேசி வைத்திருந்தது. மாமா என்றால் அவனுக்கு அப்படி ஒரு மரியாதை, அவர் நிற்கிற இடத்தில் உட்காரமாட்டான்.

திட்டை நெருங்கும்போது பரீது வள்ளத்தை மணல் ஏற்றத்தில் கொண்டுபோய் முட்டினார். தண்ணீர் வற்றிக் கிடக்கிறது என்று கடல்மேல் பழியைப் போட்டார். மருமகன் ஆமாம் மாமா என்று இறங்கித் தள்ளினான். வடக்கு முனைக்கு நடந்து போய் நின்றார்கள். நாளெல்லாம் வெயில் காய்ச்சி எடுத்திருந்தது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. மேற்கே செம்மண் நிறத்தில் ஒரு மூட்டம். பொழுது அதற்குள் இறங்கியது.

கொண்டுபோன பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்து, அங்கேயே தொழுதுவிட்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். ஊர் என்ன எதிர்பார்க்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் கோடை நோன்பில் கிழடு கட்டைகள் துவண்டு போயிருந்தன. இன்னும் ஒரு நாளா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் காலையிலிருந்தே ஊர் மொத்தமும் பரீதின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்ராஹிம் திடீரென்று அவர் முழங்கையைத் தொட்டான்.

"மாமா, அந்தா... அந்த மூட்டத்துக்கு மேல. தெரியுதா?"

பரீது பார்த்தார். கண்ணை இடுக்கிப் பார்த்தார், அகல விரித்துப் பார்த்தார். சிவப்பாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். சின்னப் பையன் கண்ணுக்குத் தெரிகிறது, பரீது கண்ணுக்குத் தெரியவில்லை என்று நாளைக்கு ஊர் பேசும். அந்த நினைப்பு ஒன்றுதான் அவர் மனதில் ஓடியது. நோன்பு, பெருநாள், மறுமை எதுவும் ஓடவில்லை.

"தெரியுது மாப்ள," என்றார்.

அவன் அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். திரும்பும்போது பாய்மரத்தில் விளக்கை ஏற்றியது பரீதுதான். கரையில் எழுந்த ஆரவாரம் தண்ணீரைத் தாண்டி வந்து அவர் காதில் மோதியது. பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் இரண்டு பேரையும் முன்னால் உட்கார வைத்து, கண்ணால் கண்டீர்களா என்று முறைப்படி கேட்டார். அல்லாஹ்வை முன்வைத்துக் கண்டோம் என்று இருவரும் சாட்சி சொன்னார்கள். எப்படி இருந்தது என்று கேட்டதற்குப் பரீது, நம்ம திட்டு மாதிரியே வளைஞ்சு கெடந்துச்சு ஹஜ்ரத் என்றார். அழகாகச் சொன்னார் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நகரா முழங்கியது.

மறுநாள் காலை பெருநாள் தொழுகை முடிந்து ஊரே அவரைக் கட்டித் தழுவியது. உங்க கண்ணாலதான் எங்களுக்குப் பெருநாள் என்றார்கள். ஒவ்வொரு தழுவலுக்கும் அவருக்கு உடம்பு கூசியது. இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் நோன்போடு இருக்க வேண்டிய ஒரு பகலைத் தன் ஒரு சொல்லை நம்பித் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. ஒருவேளை பிறை உண்மையாகவே வந்திருக்குமோ, பையன் கண்டிருக்கிறானே என்று ஒரு நப்பாசை. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். இப்ராஹிம் என்று நினைத்து ஜமாஅத் தலைவர் அலாவுதீனை மாப்ள என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார். பெருநாள் குஷியில் கிண்டல் பண்ணுகிறார் என்று எடுத்துக்கொண்டு அலாவுதீன் பலமாகச் சிரித்தார். பரீதும் கூடச் சிரித்தார். இதைவிட அழுதிருக்கலாம்.

வீட்டில் ரம்லத் பீவி வட்டிலப்பத்தை அறுத்துத் தட்டில் வைத்து முன்னால் நகர்த்தினார். பரீது ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். போக விட்டது நான்தானே என்கிற வெட்கம் அவருக்கும் இருந்திருக்கும்.

பகல் பஸ்ஸில் வந்தவர்கள் மணமேல்குடியில் இன்றைக்கும் நோன்புதான் என்றார்கள். அவங்களுக்குப் பிறைத்திட்டு இல்லையே என்று எங்கள் ஆட்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். அடுத்த பஸ்ஸில் வந்தவர்கள் தொண்டியிலும் நோன்பு, அதிராம்பட்டினத்திலும் நோன்பு என்றார்கள். காலர்கள் இறங்கின. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஓரத்தில் கூட்டம் கூட்டமாக நின்று தாழ்ந்த குரலில் பேச்சு. நேற்று கண்டது தலைப்பிறை என்றால் இன்று இரண்டாம் பிறை. அது சதை பிடித்து உசரமாக நிற்க வேண்டும், சட்டென்று விழக்கூடாது. இன்றைக்குப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள்.

பரீது, தொழ வருகிறவர்கள் கைகால் கழுவி ஒளு செய்கிற தொட்டியின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்துப் பேச்சு தெளிவாகக் கேட்டது. கண் போனதிலிருந்து அவருக்குக் காது கூர்மையாகிவிட்டது.

"பரீது காக்கா கண்ணு தப்பாது. அந்தப் பயதான் எதையோ பாத்துட்டு அவரையும் கொழப்பி விட்டுட்டான். ஜவுளிக்கடைக்காரனுக்குக் கடலும் வானமும் எங்க தெரியும்?"

அடுத்த குரல், இவனுக்குப் போய்ப் பெண் கொடுக்கிறாரே என்றது. பரீது எழுந்து போய், அவனை ஒன்றும் சொல்லாதீங்கப்பா என்றிருக்கலாம். எழவில்லை. அந்தப் பேச்சு தனக்கு வசதியாக இருக்கிறது என்று மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அதை அவரே கையும் களவுமாகப் பிடித்தார். நேற்றுச் சொன்ன பொய்கூட ஒரு நொடிப் பிசகு, இது அப்படி இல்லை. மகளைக் கொடுக்கப் போகிற பையனை முன்னால் தள்ளிவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் பதுங்குகிறோம் என்று தோன்றியதும், கால் கழுவ இறைத்த தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஹஜ்ரத் வந்து தோளைத் தொட்டார். தண்டல், நாம மூணு பேரும் இன்னைக்குத் திட்டுக்கு ஒருதரம் போயிட்டு வருவோமா, நானும் அந்த எடத்தப் பாத்ததில்ல என்றார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பரீது முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாரேன் ஹஜ்ரத் என்றார்.

சுக்கானை இந்தத் தடவை அவர் பிடிக்கவில்லை, இப்ராஹிமிடம் கொடுத்துவிட்டார். வழி நெடுக ஹஜ்ரத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். ஹஜ்ரத்தைப் போலவே பெருநாளுக்கென்று உடுத்திய வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தலைப்பாகையுமாக இப்ராஹிம் கயிற்றைப் பார்த்தபடி இருந்தான். முனைக்குப் போனதும் ஹஜ்ரத் ஒரு துப்பட்டியை மணலில் விரித்தார். மூவரும் உட்கார்ந்து பொழுது இறங்குவதைப் பார்த்தார்கள். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நேற்றைய மூட்டத்தில் ஒரு கீற்றுகூட மிச்சமில்லை.

மறைத்துத் தப்பிக்க இனி மேகமும் கிடையாது என்று பரீது நினைத்துக்கொண்டார். எழுந்து முனையின் நுனிவரை தனியாக நடந்தார். பின்னால் மணல் நறநறவென்றது, யாரோ தண்ணீர்ப் பக்கம் போகிற சத்தம். பையன்தான் ஒளு செய்யப் போகிறான் என்று நினைத்தார். சொல்வதானால் இப்போதே, அவன் இல்லாத நேரத்தில் சொல்லிவிட வேண்டும். திரும்பினார். சாய்ந்த வெயில் மணலில் பட்டுக் கண் கூசியது. துப்பட்டியில் வெள்ளையாக ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் போய் முழங்காலிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

"ஹஜ்ரத், பையன் மேல ஒரு தப்பும் இல்ல. நேத்து நான் பெறையப் பாக்கல. எனக்கு ஒண்ணுமே தெரியல. கண்ணு போயி ரொம்ப நாளாச்சு, ஊருக்குத் தெரியாம மறைச்சுக்கிட்டுத் திரியிறேன். அவன் தெரியுதான்னு கேட்டான். தெரியலன்னு சொல்ல வாய் வரல. அல்லாமேல சாட்சியும் சொல்லிட்டேன். இன்னைக்கு ஊர்ல அவனப் பேசுறாங்க, அதையும் கேட்டுக்கிட்டு சும்மா ஒக்காந்திருந்தேன்."

அந்த உருவம் மெல்லச் சொன்னது.

"மாமா, நான் இப்ராஹிம்."

அவமானத்துக்கு ஓர் அடிமட்டம் உண்டு என்றால் அன்றைக்கு அதைப் பரீது காலால் தொட்டார். பாவத்தை ஒப்புக்கொள்வதற்குக்கூட ஆளை அடையாளம் தெரியாத கண் இது. எழுந்திருக்கப் பார்த்தார். பையன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"நானும் பாக்கல மாமா. வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுச்சு. மேகமா பெறையான்னு எனக்குப் புரியல, அதான் ஒங்களக் கேட்டேன். நீங்க தெரியுதுன்னீங்க. ஒங்க கண்ணு தப்பாதுன்னு, நானும் பெறைதான்னு நெனச்சுக்கிட்டேன். சாட்சி சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடிச்சுச்சு. மாமா சொன்னதுக்கு மாத்தி எப்படிச் சொல்றதுன்னு சொல்லிட்டேன்."

இப்படியாக ஒருவர் கண்ணை ஒருவர் நம்பி, இல்லாத பிறையை இரண்டு பேரும் சேர்ந்து ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். மாமனும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நண்டு துப்பட்டியின் ஓரத்தில் ஏறி இறங்கிப் போனது.

ஹஜ்ரத் தாடியில் நீர் சொட்ட வந்தார். பரீது இந்தத் தடவை அந்தச் சொட்டு தெரிகிற அளவுக்குக் கிட்டப் போனார். இவர்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். இப்ராஹிமும் தன் பங்கைச் சொன்னான். ஹஜ்ரத்தின் முகம் கறுத்துவிட்டது. இரண்டு சாட்சி என்று கேட்டு வாங்கியவன் நான்தானே, இருவரையும் தனித்தனியாக வைத்துக் கேட்டிருக்க வேண்டும், ஊரின் அவசரத்தில் நானும் அவசரப்பட்டுவிட்டேன் என்றார். முதலில் தொழுவோம் என்று முன்னால் போய் நின்றார்.

தொழுது முடித்துத் தலையை உயர்த்தியபோது ஹஜ்ரத்தும் இப்ராஹிமும் ஒன்றாக அசையாமல் நின்றுவிட்டார்கள். பரீதுக்கு அது புரிந்தது. காற்று மட்டும் புல்லில் சரசரத்தது. இப்ராஹிம் அவர் பக்கம் வந்து, நேற்றுத் தொட்ட அதே முழங்கையைத் தொட்டான்.

"மாமா, பெற வந்திருக்கு. நூல் மாதிரி இருக்கு, கீழ எறங்கிருச்சு. தெரியுதா?"

பரீது மேற்கே பார்த்தார். சிவப்பாக ஒரு கலங்கல், அவ்வளவுதான்.

"தெரியல மாப்ள," என்றார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு அவருக்கு ஒரு பெருநாளும் ஓர் ஊர் மானமும் செலவாகியிருந்தது. அவர்கள் வள்ளத்தைத் தள்ளுவதற்குள் அந்த நூலும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. இரண்டாம் பிறை அப்படி விழாது. தலைப்பிறை அன்றைக்குத்தான்.

பாதி வழியில் ஹஜ்ரத் பேசினார். ஊருக்குப் போனதும் நான் ஜமாஅத்தைத் தனியாகக் கூட்டிப் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், விட்டுப்போன நோன்பை எல்லோரும் பிறகு ஒரு நாள் களாவாகப் பிடித்துவிடலாம், நீங்கள் இரண்டு பேரும் இன்றைக்கு யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். இருட்டில் கரை சேர்ந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

பரீது பலகைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி அரிக்கேன் விளக்கை எடுத்தார். இப்ராஹிம் கொளுத்திக் கொடுத்தான்.

"நேத்து வெளக்க ஏத்துனது நான் ஹஜ்ரத். பெற தெரிஞ்சா வெளக்கு ஏத்தணும். அதான் வழக்கம். இன்னைக்குத்தான தெரிஞ்சிருக்கு."

கயிற்றை அவரே இழுத்தார். விளக்கு ஆடி ஆடி உச்சிக்குப் போனது. கரையில் அது பெருநாள் மாலை. ராட்டினக்காரன் கூவல், பிள்ளைகள் ஊதல், பெண்கள் பேச்சு எல்லாம் சேர்ந்து கலகலவென்று தண்ணீர்மேல் வந்துகொண்டிருந்தது. பெருநாளன்று இரவு யாரும் அந்த விளக்கை எதிர்பார்க்கவில்லை. முதலில் தெற்கு ஓரத்தில் சத்தம் நின்றது. பிறகு நடுவில். பிறகு ராட்டினமும் நின்றுவிட்டது. விளக்கு எதைச் சொல்கிறது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நகரா அடிக்கவில்லை.

வள்ளம் கரையில் தட்டியது. மணலில் யார் யார் நிற்கிறார்கள் என்று பரீதுக்குத் தெரியவில்லை. ஊரே நிற்கிறது என்பது மட்டும் அந்த அமைதியில் தெரிந்தது. இப்ராஹிம் முதலில் குதித்து இறங்கினான். பரீது விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, கையை முன்னால் நீட்டினார்.

"கையப் புடிச்சு எறக்கிவிடு மாப்ள. எனக்குக் கண்ணு தெரியாது."

அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.